அம்மாவாசி சகுனம் பார்த்து ஓட்டிய மோட்டார் சைக்கிள்

மாட்டு வண்டியில் போகிறவனுக்குச் சகுனம் பார்ப்பது கட்டுபடியாகும். மார்க்கையன்கோட்டையில் வண்டியைப் பூட்டிச் சின்னமனூர் போய்ச் சேருவதற்குள் ஒரு பூனை குறுக்கே ஓடலாம், ஒரு விறகுக்கட்டு எதிரே வரலாம். இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, மாட்டுக்கும் இளைப்பாறினாற்போல ஆயிற்று என்று மறுபடி கிளம்பலாம். சகுனங்களைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் மாட்டின் நடைக்குத்தான் அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க எதிர்ப்பட வேண்டிய பூனைகளும் மொட்டைத் தலைகளும் எண்ணெய்க் குடங்களும் அவனுக்கு அரைமணி நேரத்துக்குள் எதிர்ப்பட்டுத் தொலைக்கும்.

அம்மாவாசி அப்படி மாட்டிக்கொண்டவன். அமாவாசையில் பிறந்ததால் அந்தப் பெயர். அவனைப் பெற்ற பஞ்சம்மாளுக்குச் சகுனத்தில் தெரியாத சங்கதி கிடையாது. காக்கை எந்தப் பக்கம் பறந்தால் என்ன பலன், பல்லி எந்த மூலையில் சொன்னால் என்ன பலன் என்று மார்க்கையன்கோட்டையே அவள் வாசலில் வந்து நின்று கேட்கும். மகன் தாய்ப்பாலோடு அதையும் சேர்த்துக் குடித்துவிட்டான். கம்பத்தில் லாரி கிளீனராக இருந்தபோது, ஏதாவது குறுக்கே போனால் டிரைவரிடம் சொல்லாமல் ஓடும் லாரியிலிருந்து குதித்துவிடுவான். டிரைவர் உத்தமபாளையம் போய்த்தான் ஆள் இல்லாததைக் கவனிப்பார்.

யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். ஜபல்பூரில் மோட்டார் சைக்கிள் பழக்கி, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தபால் கொண்டுபோகும் வேலையைக் கொடுத்து, எகிப்துக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

எகிப்தில் அவனைப் போல ஓட்டியவன் இல்லை. பாலைவனத்துச் சாலை வகிடு எடுத்தாற்போல நேராகப் போகும். பூனை இல்லை, விறகு இல்லை, குடம் இல்லை. எதிரே ஓர் உயிர் வந்தால்தானே சகுனம்! மணல் எந்தப் பக்கம் பறந்தால் என்ன என்று ஆத்தா சொல்லித் தந்ததில்லை. அம்மாவாசி காதில் காற்று விசிறப் பறந்தான். இப்படி ஒரு சிங்கத்தைப் பார்த்ததில்லை என்று துரை முதுகில் தட்டினார்.

ஆனால் அங்கேயும் இரண்டு சிக்கல். அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகின்றன. சாலையே இடம் வலம் மாறிக் கிடக்கும்போது காக்கையின் இடம் வலமும் மாறுமா, மாறாதா? இது ஒன்று. இரண்டாவது, ஒட்டகம். எதிரே ஒட்டகம் வந்தால் நல்லதா கெட்டதா என்று ஆள் பிடித்து ஊருக்குக் கடிதம் எழுதிப்போட்டான். ‘எருமைச் சாயல் இருந்தால் நில், பசுச் சாயல் இருந்தால் போ’ என்று பஞ்சம்மாள் சொல்லி அனுப்பிய பதில் அவனைத் தேடி வருவதற்குள் அவனை இத்தாலியில் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள்.

இத்தாலி வேறு மாதிரி. கம்பம் மெட்டு, குமுளி மலைப்பாதையெல்லாம் அங்கே வீதிக்கு வீதி. மழையும் சேறும், குண்டு விழுந்த பள்ளமும், பாலம் இருந்த இடத்தில் பலகையுமாக, ஓட்டுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்பார்கள். அந்தக் கணக்குக்கு அங்கே அவனுக்கு நல்ல சகுனத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பற்றி ஊரில் அவன் யாரிடமும் பேசியதில்லை.

அவன் ஆசையாகச் சொல்வது பூனைக் கதையைத்தான். ஒரு மலைக்கிராமத்தில் கறுப்புப் பூனை ஒன்று சாலையைத் தாண்டியது. அம்மாவாசி வழக்கம்போல் பிரேக்கைப் போட்டு ஓரம் ஒதுங்கினான். பார்த்தால், பின்னால் கழுதை வண்டியில் வந்த இத்தாலிக்காரனும் நிறுத்திவிட்டான். இவன் அவனைப் பார்க்க, அவன் இவனைப் பார்க்க, இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஆள் குடுக்கையிலிருந்து திராட்சைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். கப்பல் ஏறியதிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு மனிதனைப் பார்த்தாற்போல இருந்தது என்பான் அம்மாவாசி.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் ஊர் திரும்பியவன், மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்து வந்தான். போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸோ கரி வாயுவில் மெல்ல ஊர்ந்தது. அதனால் வேகமாக ஓடுகிற எதற்கும் பள்ளத்தாக்கில் கிராக்கி இருந்தது. சின்னமனூர் வெற்றிலை வியாபாரி பலவேசம், தினமும் குமுளிக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போக அவனைப் பேசிக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மனிதர். சகுனம் கிகுனம் பார்க்காதவர். வெற்றிலை வாடாமல் போய்ச் சேர்ந்தால் போதும் அவருக்கு.

பாவம், அதுதான் நடக்கவில்லை. உத்தமபாளையம் வருமுன் இரண்டு தடவை இறங்கித் தண்ணீர் குடிப்பான். கம்பத்தில் ஒரு தடவை, கூடலூரில் ஒரு தடவை. கையில் இருக்கும் பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டி தீர்ந்துவிட்டால் கிணறு தேடிப் போவான். ஆனால் மலையேறித் திருவிதாங்கூர் சுங்கச் சவுக்கையைத் தாண்டிவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவான். அது வேறு ராஜ்யம். நம் சகுனம் அங்கே செல்லாது என்பது அவன் முடிவு. அரை நாள் தவழ்ந்து வந்தவன் சவுக்கைக்கு அப்பால் புழுதி பறக்கப் போவதைப் பார்த்து மலையாளத்துக் காவலர்கள் வாயைப் பிளப்பார்கள்.

“மாட்டு வண்டியில போட்டா வெத்தலை பச்சையாப் போகுது. உன் மோட்டார்ல போட்டாச் சருகாப் போகுது. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான்யா உன் சரக்கு உருப்படியா எறங்குது” என்பார் பலவேசம்.

“நேத்து எதுத்தாப்புல வந்தது சாதாரண எண்ணெய்க் குடம் இல்ல, மொதலாளி. கழுத்து வரைக்கும் எண்ணெய்” என்பான் இவன், மிகுந்த பொறுப்போடு.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது.

அம்மாவாசியின் அக்கா இருளம்மாள் பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள். அவள் புருசன் சந்தைக்குப் போன இடத்தில் காலராவில் போய்விட்டான். வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருசம் ஆயிற்று. கிளம்புகிறவன் கண்ணில் அவள் படக் கூடாது. அதனால் புழக்கடை வழியாக இறங்கி, வாய்க்கால் கரையோடு களையெடுக்கப் போவாள். ஊரில் யார், என்றைக்கு, எந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு மணியக்காரருக்குத் தெரியாது. தெரிந்து வைத்திருந்தால்தானே ஒதுங்க முடியும்? தம்பி வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டால் உலக்கையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. அம்மாவாசியும் போகாதே என்று சொன்னதில்லை.

அந்த வருசம் சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அவள் புருசன் தேனியிலிருந்து டாக்டரம்மா ஞானசெல்வியைக் கூட்டி வந்தான். அவர் வந்து இறங்கியபோது தெருவில் இருந்த ஒரே பொம்பளை, கல்யாணத்தில் தலைகாட்டக் கூடாத இருளம்மாள்தான். டாக்டரம்மா அவளைக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்த பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம்கூடக் கை நடுங்கலையே உனக்கு! படிச்சிருக்கியா?”

“அஞ்சாப்பு.”

தேனியில் பிரசவ ஆசுபத்திரி ஒன்று தொடங்கப் போகிறேன், தாதி வேலைக்குப் பழக்கி, தங்க இடமும் கொடுப்பேன் என்றார். ஆடி மாதம் இன்ன சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். அன்றைக்கு அவர் மதுரைக்குப் போய்த் தாதிப் பயிற்சிக்குப் பெயர்களைக் கொடுக்கிறார். வராதவள் இடம் அடுத்தவளுக்கு. டாக்டரம்மா ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கவில்லை.

இருளம்மாள் அந்த நாளைத்தான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். போனால் ஒரு பிழைப்பு. போகாவிட்டால் சாகும்வரை வாய்க்கால் கரை. பஞ்சம்மாளுக்கு மகள் போவதில் வருத்தமில்லை. உள்ளுக்குள் சந்தோசம்தான். ஆனால் மகனிடம் ஒன்று மட்டும் கையைப் பிடித்துச் சொன்னாள்: “பஸ்ஸுல போகட்டும்யா. உன் வண்டியில மட்டும் ஏத்திராத. யுத்தத்துக்கே தப்பி வந்தவன் நீ.”

அம்மாவாசி சரி என்றான். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் சின்னமனூரில் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்துக்குப் பின்னால், துணி மூட்டையோடு இருளம்மாள். மறைந்து நிற்பது பழகிப்போனதால் மரத்தின் பருமனுக்கு ஏற்றபடி நிற்க அவளுக்குத் தெரியும். வெகு நேரம் ஆயிற்று. கம்பத்துப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவன், அனுமந்தன்பட்டியில் பஸ் அச்சு முறிந்து கிடக்கிறது, இன்றைக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருளம்மாள் மரத்தை விட்டு வெளியே வந்தாள். நேரே தம்பியிடம் வந்து நின்றாள்.

அம்மாவாசி வெற்றிலையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பலவேசத்தைப் பார்த்தான்.

“என்னய்யா என்னையப் பாக்குறீரு? வெத்தலை எப்படியும் உம்மகிட்ட வாடத்தான் போகுது. எறக்கி வச்சுட்டு அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போரும்” என்றார் அவர்.

“இல்ல மொதலாளி... ஆத்தா சொன்னாக...”

“ஏலே” என்றாள் இருளம்மாள். “ஆடி மாசம். சனிக்கெழமை. கெழக்க சூலம். போய்ச் சேர்ற நேரம் ராகு காலம். பின்னால தாலியறுத்தவ. தலைக்கு மேல போயிருச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன? வண்டிய எடு.”

அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. அவசரமாக மனசுக்குள் சட்டத்தைப் புரட்டினான். விதவை எதிரே வரக் கூடாது என்றுதான் ஆத்தா சொல்லியிருக்கிறாள். பின்னாலே உட்கார்ந்து வந்தால் என்ன பலன் என்று சொன்னதே இல்லை. அந்தச் சந்து கிடைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வெற்றிலைக் கட்டை இறக்கிவிட்டு வண்டியை உதைத்தான். இருளம்மாள் பக்கவாட்டில் ஏறி, மூட்டையை மடியில் வைத்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மறந்துபோன ஒன்று உண்டு. அவனுக்குத்தான் அவள் பின்னால் இருக்கிறாள். எதிரே வருகிறவர்களுக்கு அவள் எதிரேதான்.

அதிலும் அன்றைக்கு ஆடிச் சனி. ஏழரையும் அட்டமமும் பிடித்த ஜனம் முழுக்க எள் முடிச்சும் கையுமாகக் குச்சனூர்ச் சனீசுவரனைக் கும்பிடத் தேனிப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சனியைக் கண்டு நடுங்கிக் கிடக்கிறவர்கள். சீலையம்பட்டி தாண்டியதும் முதல் வண்டி. சத்தத்தைக் கேட்டு மாடு மிரண்டது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு வண்டிக்காரன் நிமிர்ந்தால், கொடி மாதிரி வெள்ளைச் சேலை படபடக்க ஒரு தாலியறுத்தவள் அவனை நோக்கிப் பாய்ந்து வருகிறாள்.

“ஏய், திருப்பு! வண்டியத் திருப்பு!”

உள்ளே இருந்த பெரிசு போட்ட கூச்சலில் வண்டி சாலையிலேயே ஒரு வட்டம் அடித்தது. அடுத்த வண்டி விசயம் கேட்காமலே திரும்பியது. அதற்கடுத்தது வயலுக்குள் இறங்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டுக்கு விட்டார்கள்; தூரத்து ஊர்க்காரர்கள் மரத்தடிகளில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். வீரபாண்டிப் பாலத்தருகே அம்மாவாசி திரும்பிப் பார்த்தபோது, குச்சனூருக்குப் போக வேண்டிய வண்டிகளில் பாதி தேனியைப் பார்த்து வரிசையாக வந்துகொண்டிருந்தன, ஏதோ அவர்கள் இருவருக்கும் ஊர்வலம் எடுத்தாற்போல.

முதலில் அவனுக்குக் குஷிதான். இத்தனை நாட்டுச் சாலைகளில் ஓட்டியிருக்கிறான். இப்படி வழி கிடைத்ததில்லை. இத்தாலியில் ஜெனரலுக்கே விசில் ஊதிக் கெஞ்சித்தான் வழி வாங்குவார்கள். இங்கே ஹாரன்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு முகங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. அவன் முன்னால் உட்கார்ந்திருந்தான் இல்லையா, எல்லா முகமும் அவன் மேல்தான் வந்து விழுந்தது. மஞ்சள் பூசிய ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நேற்று வரை அவனிடம் நின்று சிரித்துப் பேசிய ஒருவர், தூவென்று துப்பிவிட்டு முதுகைக் காட்டினார். ஒரு கிழவர் கையை மடக்கி நெற்றியில் அடித்துக்கொண்டார். அம்மாவாசிக்கு இதெல்லாம் தெரியாத செய்கைகள் இல்லை. அவனே செய்திருக்கிறான். பாய்ந்து வந்து விழும்போது இப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. அக்கா ஒன்பது வருசமாக இதை வாங்கியிருக்கிறாள், அவன் முகத்திலிருந்தும் சேர்த்து. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

“ஏன்லே மெதுவாப் போற?”

“எல்லாரும் உன்னையப் பாத்து... மூட்டையப் பிரிச்சு ஏதாச்சும் போத்திக்கிறியாக்கா?”

“எதுக்கு? ஒம்பது வருசமா நான் ஒதுங்குனேன். இன்னைக்கு ஒரு நாளு அவுக ஒதுங்கட்டும்.” அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. “வேகமாப் போ. நல்லாத்தான இருக்கு!”

வீரபாண்டி தாண்டியதும், இத்தனை நேரம் எங்கிருந்ததோ, ஒரு பூனை சாலையின் குறுக்கே ஓடியது. அம்மாவாசியின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. கை தண்ணீர்ப் புட்டிக்குப் போயிற்று.

“இப்ப எதுக்கு நிப்பாட்டுன?”

“பூனை.”

இருளம்மாள் ஓரத்து வேலியை எட்டிப் பார்த்தாள். “அதுவே என்னையப் பாத்துட்டு ஓடுது, பாவம். அது வீட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும். நீ போ.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புட்டியைத் திறக்காமலே கிளம்பினான். அப்புறம் தேனி வரை எதற்கும் நிற்கவில்லை.

ஆசுபத்திரி வாசலில் டாக்டரம்மா மதுரைக்குக் கிளம்பிக் காரில் ஒரு காலை வைத்திருந்தார். தலை கலைந்து, முகமெல்லாம் புழுதியாக வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

“பஸ் வரலைன்னு சொன்னாங்களே, எதுல வந்தே?”

“என் தம்பி மோட்டார்ல. ரோடு காலியாக் கெடந்துச்சு, சீக்கிரம் வந்துட்டோம்” என்றாள் இருளம்மாள், முகத்தை மாற்றாமல்.

டாக்டரம்மா அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கே இங்கே இருந்துவிட வேண்டும் என்றார். காரில் ஏறும்போது, “யார் மொகத்துல முழிச்சோம்னு எல்லாரும் கேட்டுக்குவாங்கல்ல? இனி இங்கே பிறக்கற பிள்ளைங்க எல்லாம் முதல்ல உன் மொகத்துலதான் முழிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இருளம்மாள் சேலைத் தலைப்பால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவாசி திரும்ப வேண்டும். வண்டியை வெளியே தள்ளிச் சின்னமனூர்ச் சாலையைப் பார்க்க நிறுத்தினான். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். அவன் கிளம்புகிறான் என்றதும் தூணுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள்.

“அக்கா, இங்கன வா.”

“நீ கெளம்பு. நான் அப்புறம் வாரேன்.”

“முன்னால வந்து நில்லுக்கா. நான் கெளம்பணும்ல.”

“கோட்டி புடிச்சுருச்சாலே உனக்கு? ஆத்தாவுக்குத் தெரிஞ்சா...”

“நீ வந்து நிக்காம நான் போகல.”

அவன் போவதாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கி வந்தாள். வண்டிக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி நின்றாள். அம்மாவாசி உதைத்தான். வண்டி இருமி அடங்கியது. மறுபடி உதைத்தான். இருமலும் இல்லை.

இருளம்மாளின் முகம் வாடிவிட்டது. “நான் சொன்னேன்ல” என்று ஓரடி பின்னால் வைத்தாள்.

“அட, அங்கனயே நில்லுக்கா! பிளக்குல கரி புடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினான். வேட்டி முனையால் துடைத்து, ஊதி, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டினான். அவன் அவசரப்படவில்லை. அதுவரைக்கும் அவள் நடுச்சாலையில், போகிற வருகிற எல்லோரும் பார்க்க, நின்ற இடத்தை விட்டு அசையாமல் நின்றாள். அடுத்த உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

கிளம்புகிறவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும். யாரும் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டதால், அது என்னவென்று ஞாபகம் வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“போயிட்டு வா” என்றாள்.